டிராவலர்: இரண்டு தட்டு, 14 பாட்டு

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டனின் 'டிராவலர்' ஆல்பத்தை இத்தனை வருஷமும் போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் இரட்டை எல்பியாக, அதாவது இரண்டு வினைல் இசைத்தட்டாக வாங்கினேன். விலையைச் சொன்னதும் வீட்டில் எனக்குத் தனியாகப் பாட்டு விழுந்தது.

ஊசியை வைத்து நேராக 'டென்னஸி விஸ்கி'க்குப் போனேன். டேவிட் ஆலன் கோ 1981லேயே பாடியது. 1983இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிப் பிரபலமாக்கியது. ஸ்டேபிள்டன் அதை ஆற அமர, புளூஸ் என்ற சோக இசை நடையில் பாடுகிறார். ஏ, பி மைனர் என்று இரண்டே கார்டுதான் (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு). கிடாரில் ஒரே வாரத்தில் எனக்கும் வந்துவிட்டது. ஆனால் 'விஸ்கி' என்ற சொல்லில் அவர் உருட்டும் பிருகா இருக்கிறதே, அதற்குத் தொண்டை வேறு வேண்டும்.

என்னைக் கேட்டால் உச்சம் 'விஸ்கி அண்ட் யூ'தான். ஒரு கிடார், ஒரு குரல், வேறு துணையே கிடையாது. கத்தக்கூடிய குரலை அடக்கி வைத்திருப்பதால் கத்துவதைவிட அதிகம் வலிக்கிறது. டிம் மெக்ரா 2007இலேயே பாடிவிட்ட இந்தப் பாட்டை எழுதியவர்களில் ஸ்டேபிள்டனும் ஒருவர். அவர் பிழைப்பே அதுதான்: கென்டக்கியிலிருந்து 2001இல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் வந்து, அடுத்தவர்கள் பாடப் பாட்டெழுதிக் கொடுத்தார். ஜோஷ் டர்னரின் 'யுவர் மேன்' பாட்டிலும் அவர் கை உண்டு. நடுவில் ஸ்டீல்டிரைவர்ஸ் என்ற புளூகிராஸ் (பான்ஜோ, பிடில் வைத்து வாசிக்கும் நாட்டுப்புற இசை) குழுவில் பாடினார். தன் பெயரில் முதல் ஆல்பம், இந்த 'டிராவலர்', 2015 மே மாதம் வந்தபோது வயது 37.

அந்த நவம்பரில் கன்ட்ரி இசைக்கான சிஎம்ஏ விருது மேடையில் பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்குடன் பாடிய பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. அன்று கிடைத்த மூன்று விருதுகளில் ஒன்று புதுமுகத்துக்கானது. பதினாலு வருஷம் நாஷ்விலில் குப்பை கொட்டியவர் புதுமுகமாம்!

தலைப்புப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. 2013இல் அப்பா இறந்த பிறகு, மனைவி மோர்கேன் வாங்கித் தந்த பழைய ஜீப்பில் அரிசோனாவிலிருந்து நாஷ்வில் வரை இருவரும் ஓட்டி வந்தார்கள். வழியில் பிறந்த பாட்டு அது. ஆல்பத்தில் அவர் குரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வரும் பெண் குரல் மோர்கேனுடையதுதான். போனில் இதை நான் சரியாகக் கவனித்ததே இல்லை.

குறை? ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பின்பாதியில் இரண்டு மூன்று பாட்டு ஒன்றுபோல் இருக்கிறது. விஸ்கியையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். நாலு பக்கம் என்பதால் கால் மணிக்கொரு தரம் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். சமைத்துக்கொண்டே கேட்பவர்களுக்கு இது சரிப்படாது. அப்புறம், எனக்கு வந்த இரண்டாவது தட்டு லேசாக வளைந்திருந்தது. நாலாவது பக்கத்தில் குரல் அலையில் மிதக்கிறது. மாற்றித் தரச் சொல்லி எழுதியிருக்கிறேன். வரும்வரை முதல் தட்டுதான்.