ஆல்டர்னேட்டரைக் கழற்றவிடும் முன் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 16,900 ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் வண்டியிலும் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது பழைய டீசல் கார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் பாதிச் சக்கரம் மூழ்க இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டதால் நானும் அதை மறந்துபோனேன். சில மாதம் கழித்துக் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்க ஆரம்பித்தது. பேட்டரி விளக்கு எரிந்தது, ஏபிஎஸ் விளக்கு வந்து வந்து போனது.

ஒர்க்‌ஷாப் பையன் ஸ்கேனரை மாட்டினான். பி 0562, யு 0100 என்று இரண்டு எரர் கோட் (பிழைக் குறியீடு) வந்தது. "அண்ணாச்சி, ஆல்டர்னேட்டர் போச்சு. கம்ப்யூட்டரே சொல்லுது, நான் என்னத்தச் சொல்ல?" என்றான். ஆல்டர்னேட்டர் என்பது வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பி 0562 என்றால் வண்டியில் வோல்டேஜ் குறைகிறது, அவ்வளவுதான். ஏன் குறைகிறது என்று அதற்குத் தெரியாது. யு 0100 என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரோடு தொடர்பு அறுந்தது என்று மற்ற கம்ப்யூட்டர்கள் எழுதி வைத்த புகார். வோல்டேஜ் விழுந்தாலே அதுவும் வரும்.

ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டர் 9,500, பேட்டரி 6,200, ஸ்கேனுக்கும் கூலிக்கும் 1,200. எரர் கோட்களை அழித்ததும் விளக்கு அணைந்தது. நாலாம் நாள் சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. திரும்பக் கொண்டுபோனால், "ஈசிஎம் மாத்தணும், அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், 32,000 ஆகும்" என்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

மச்சான் சொல்லி அம்பாசமுத்திரத்தில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. வண்டியை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போடச் சொன்னார். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தார். 2.1 வோல்ட் காட்டியது. "இது 0.2 தாண்டப்படாது அண்ணாச்சி. ஆல்டர்னேட்டர்ல 14.2 வருது, பேட்டரிக்கு 12.1தான் போய்ச் சேருது. வழியில யாரு திங்கா?" என்றார். பேட்டரிக்குக் கீழே கையை விட்டு, பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் கேபிளைக் கழற்றிக் காட்டினார். கேபிள் நுனியில் போல்ட் மாட்டும் உலோக லக்கு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒயரை வளைத்ததும் உள்ளிருந்த செம்புக் கம்பி பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெள்ளத் தண்ணீர் செய்த வேலை. புது கேபிள் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முறுக்கினார். மீட்டரில் 0.05. கூலியோடு 450 ரூபாய்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் முதலில் இந்தச் சோதனையைக் கேளுங்கள், அஞ்சு நிமிஷ வேலை. அழிப்பதற்கு முன் எரர் கோட்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள். எனக்குக் கிடைத்தது சிகரெட் அட்டையில் எழுதிய கணக்கு. அதை வைத்து 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் கொடுக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு, பழைய ஆல்டர்னேட்டரையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அத அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டாச்சே அண்ணாச்சி" என்றார்கள். நல்ல ஆல்டர்னேட்டர் அது. இப்போது யார் வண்டியில் 'ரீகண்டிஷன்' என்று 9,500-க்கு ஏறி உட்கார்ந்திருக்கிறதோ.