சீ ரே எஸ்பிஎக்ஸ் 190 படகு: இன்ஜின் உள்ளேயா, வெளியேயா?

கனடாவின் மார்க்கம் நகரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து சிம்கோ ஏரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோடையில் சிபால்ட் பாயின்ட் கரையில் கோழி வாட்டிக்கொண்டு மற்றவர்களின் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் நாங்கள். சென்ற ஆண்டு சொந்தமாக ஒன்று வாங்கினோம். கடைசியில் இரண்டு பழைய படகுகள் மிஞ்சின. இரண்டும் சீ ரே எஸ்பிஎக்ஸ் 190 தான். முன்பக்கத்தில் (அணியத்தில்) உட்கார இடம், வலது பக்கம் சுக்கான், 19 அடிச் சொச்சம் நீளம், எல்லாம் ஒன்றே. ஒன்றுக்கு மெர்க்குரூசர் 4.5 லிட்டர் வி6 இன்ஜின் உள்ளே. மற்றதற்கு மெர்க்குரி 150 குதிரைத்திறன் இன்ஜின் வெளியே, பின்பக்கத்தில் தொங்குகிறது.

பார்த்ததும் பிடித்தது உள் இன்ஜின் படகுதான். பின்பக்கத் தட்டு தடையில்லாமல் திண்ணை மாதிரி அகலமாக இருந்தது. எழுபத்திரண்டு வயது அம்மா துறையிலிருந்து அதில் கால் வைத்து, யாருடைய கையையும் பிடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். மனைவி அப்போதே முடிவு செய்துவிட்டார்.

நான் இன்ஜின் மூடியைத் திறக்கச் சொன்னேன். பெட்ரோல் ஆவி தங்கியிருந்தால் தீப்பிடிக்கும் என்பதால், ஸ்டார்ட் செய்யும் முன் ஆவியை வெளியேற்றும் காற்றாடியை 4 நிமிடம் ஓடவிட வேண்டும். குழந்தைகள் "போகலாம், போகலாம்" என்று குதிக்கும்போது 4 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அன்று தெரிந்தது. ஆனாலும் அதில் ஒரு நொடிகூடக் குறைக்கக் கூடாது.

பிறகு, படகின் பின்சுவரில், உள்ளே இருக்கும் இன்ஜினும் வெளியே சுழலியைத் தாங்கும் வெளிக்காலும் இணையும் இடத்தை மூடும் ரப்பர் உறையைக் குனிந்து பார்த்தேன். ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருந்தது. நகத்தால் ஒரு மடிப்பை விரித்தேன். உள்ளே மயிரிழை வெடிப்புகள். அது கிழிந்தால் ஏரித் தண்ணீர் படகுக்குள் வரும், கவனிக்காமல் கட்டிவைத்த படகு மூழ்கவும் கூடும். ஆண்டுதோறும் சோதித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டிய பொருள் அது.

அதைவிடப் பெரிய பயம் பனிக்காலம். என் மைத்துனர் முன்பு வைத்திருந்த படகில், இலையுதிர்காலத்தில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை முழுவதும் வடிக்காமல் விட்டதால் அது உறைந்து, இரும்பு பிளாக் வெடித்துப் போனது. வசந்தத்தில் அவர் அந்த வெடிப்பைத் தடவிக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. வெளி இன்ஜினை நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானே வடிந்துவிடும். ஆயில், கியர் ஆயில், பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து, அவ்வளவுதான், நானே செய்துகொள்ளலாம்.

இரண்டையும் குக்ஸ் வளைகுடாவில் ஓட்டினோம். உள் இன்ஜின் 200 குதிரைத்திறன். ஏழு பேரை ஏற்றியும் சட்டென்று தண்ணீருக்கு மேல் எழுந்து பாய்ந்தது. 150 குதிரைத்திறன் வெளி இன்ஜின் படகு சற்றுத் தயங்கித்தான் எழுந்தது, எழுந்தபின் குறை இல்லை. பாசி மண்டிய இடத்தில் வெளி இன்ஜினைத் தண்ணீருக்கு மேலே முழுவதும் தூக்கி, சுழலியில் சுற்றிய பாசியைக் கையால் பிய்த்து எறிந்தேன். மற்றப் படகில் அதற்குத் தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும். உள் இன்ஜின் இருந்திருக்கும் இடத்தில் இங்கே பெரிய பெட்டி. எல்லோருடைய உயிர்காப்பு அங்கிகளும் அதற்குள் அடங்குகின்றன.

வெளி இன்ஜினையே வாங்கினோம். படகைச் சூடான கொட்டகையில் வைத்து, மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வசதியுள்ளவர்கள், நாள் முழுக்க நீந்தும் பிள்ளைகள் உள்ளவர்கள், தாராளமாக மற்றதை வாங்கலாம். அந்தப் பின்தட்டுக்கு ஈடு இல்லை. எங்கள் படகில் இன்ஜின் தட்டை இரண்டாகப் பிரிக்கிறது, பிள்ளைகள் ஏறும்போதெல்லாம் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன். அம்மா வலது பக்கத் தட்டில் மட்டும்தான் கால் வைப்பார். அங்கே ஒரு துருப்பிடிக்காத கைப்பிடி பொருத்தியிருக்கிறேன்.