நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா? புதுச்சேரியை வரைய எது தோது?

கடற்கரைச் சாலைக்குப் பின்னாலிருக்கும் மஞ்சள் சுவர் வீதிகளை வரைய உட்கார்ந்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். என் கை நீர்வண்ணத்துக்கே போகும். தென்னிந்திய நிலக்காட்சி மரபும் அதற்கு நிறையவே கடன்பட்டிருக்கிறது. 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர், கேரளத்துக் கால்வாய்களையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டித்தான் முதலில் பெயர் பெற்றார். 1966இல் சென்னைக்கு அருகே, கலைஞர்கள் சேர்ந்து வாழ்ந்து படைக்கும் சோழமண்டலக் கலைஞர் கிராமம் அவர் முயற்சியில் உருவானபோது, அவரே எழுத்தும் குறியீடும் நிறைந்த ஓவியங்கள் என வேறு திசைக்குப் போய்விட்டிருந்தார்.

நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தொடாமல் விட்ட காகிதம். காலை ஏழு மணிக்குக் கிழக்குப் பார்த்த சுவரில் வெயில் விழும்போது, வெள்ளைச் சட்டங்களை அப்படியே விட்டுவிட்டு மஞ்சளை ஒரே இழுப்பில் இறக்கினால் போதும். காகிதப்பூ நிழலுக்கு ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் ஊதா. மே மாதத்தில் தூரிகை மறுமுனைக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். மார்கழியிலோ காயவே காயாது! தவறினால் திருத்தமும் கடினம்.

எண்ணெய் வண்ணம் பொறுமைசாலி. சுரண்டலாம், மேலே பூசலாம், நாளை தொடரலாம். ஆனால் காய நாட்கணக்காகும். கடலூர் தேவனாம்பட்டினக் கடற்கரையில் காற்றடித்தால் வானத்தில் மணல் ஒட்டிக்கொள்ளும். பிச்சாவரத்துப் படகிலோ அந்தச் சுமையை நினைத்தே பார்க்க வேண்டாம். மழைக்கால மேகம் திரண்ட கடலை மட்டும், வீட்டில் வைத்து, எண்ணெய் வண்ணத்தில்தான் வரைவேன்.