மடிவிரிப்பா, தட்டா, பையா, வேக்கமா? மாடல் கட்டும்போது சிறு பாகங்களைக் காப்பாற்றுவது எது

1/700 அளவு மாடல் கப்பலில், அதாவது அசலை 700 மடங்கு சுருக்கினால், ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பி 1.4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். 1941 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிப் போய் மூழ்கடிக்கப்பட்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பலே இந்த அளவில் 32 சென்டிமீட்டர் சொச்சம்தான். அப்படியானால் அதில் ஏறும் ஏணியும் நங்கூரமும் சிறு பீரங்கிக் குழலும் எந்த அளவில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1/72 விமானத்தின் பிடோ குழாய் (வேகம் அளக்கும் சிறு குழாய்), 1/24 காரின் கதவுக் கைப்பிடி, 1/35 டாங்கியின் கருவிக் கொக்கி எல்லாமே இதே ரகம். கையிலிருந்து போனால் போனதுதான்.

இதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மேசை விளிம்பிலிருந்து இடுப்புவரை துணி விரிப்பது, விளிம்பு உயர்ந்த தட்டுக்குள் வேலை செய்வது, வெட்டும்போது கையையும் நிப்பர் என்ற சிறு வெட்டுக்கருவியையும் ஒரு பைக்குள் விட்டுக்கொள்வது, விழுந்தால் விழட்டும் என்று வேக்கம் கிளீனரை நம்புவது. நான் மடிவிரிப்புக்கு மாறிவிட்டேன். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். மற்ற மூன்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவை ஆளுக்கொரு வேலைக்கு உதவும், அதற்கு மேல் உதவாது.

பாகம் எப்படிப் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒன்று தெறிக்கும், இல்லையென்றால் நழுவும். டுவீசரை (சிறு இடுக்கியை) அளவுக்கு மேல் அழுத்தினால் அதன் நுனிகள் இணையாக நிற்காமல் லேசாக விரிந்துவிடும். உருண்டையான பாகம் அந்தச் சரிவில் வழுக்கிப் பாயும். பாகத்தைச் சட்டத்தோடு இணைக்கும் காம்புகளுக்குக் கேட் என்று பெயர். நிப்பரில் கடைசி கேட்டை வெட்டும்போது, அதுவரை வளைந்து இறுகியிருந்த பிளாஸ்டிக் சட்டென்று நிமிர்ந்து பாகத்தை எறியும். நுண்பாகங்களை வேதிமுறையில் அரித்துச் செய்த பித்தளைத் தகட்டை (ஃபோட்டோ எட்ச்) மெத்தென்ற கட்டிங் மேட்டில் வைத்து வெட்டினால், கத்தி உள்ளே இறங்க இறங்கத் தகடு வளையும், அறுந்ததும் துள்ளும். இவையெல்லாம் தெறிப்பு. நழுவல் சத்தமில்லாமல் நடக்கும். பாகம் மேசை விளிம்பில் உருண்டு மடியில் விழும், கைலி மடிப்பில் உட்கார்ந்துகொள்ளும், நாம் எழுந்ததும் தரைக்குப் போகும், வெறுங்காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த அறைக்கும் போகும். தொலைவதில் பெரும்பங்கு இந்த நழுவல்தான் என்பது என் கணிப்பு.

தட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சிங்கப்பூரில் பேட்டைக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். வெட்டி வைத்த பாகங்களைப் பிரித்து வைக்கவும், ஒரே எண்ணுள்ள பத்துப் பாகங்கள் கலக்காமல் இருக்கவும் அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் அதற்குள்ளேயே உட்கார்ந்து கட்ட முடியாது. மூன்று சென்டிமீட்டர் விளிம்பு மணிக்கட்டில் இடிக்கும். மணிக்கட்டு ஊன்ற இடமில்லாவிட்டால் கை நடுங்கும். கை நடுங்கினால் பாகம் இன்னும் அதிகமாகத் தெறிக்கும். தெறிப்பதோ அந்த விளிம்பைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும்.

பை, வெட்டும் நேரத்துக்கு மட்டும். கண்ணாடிபோல் தெளிவான பெரிய ஜிப் பைக்குள், பாகங்கள் கோத்து வரும் ஸ்ப்ரூ சட்டத்தையும் நிப்பரையும் விட்டு வெட்டினால், தெறித்த பாகம் பைக்குள்ளேயே கிடக்கும். அந்த ஒரு வேலைக்கு இதற்கு ஈடில்லை. ஒட்டுவதற்கும் வர்ணம் தொடுவதற்கும் பயன்படாது. அதோடு நம் ஊர் வெயிலில் கை வியர்த்து, பைச்சுவரில் ஆவி படிந்து, ஐந்து நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாமல் போகும். இந்தச் சிரமம் வேண்டாமென்றால், வெட்டப்போகும் பாகத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு வெட்டலாம். முதலில் தடித்த கேட், கடைசியில் மெல்லிய கேட் என்ற வரிசையில் போனால் இறுக்கம் குறையும். ஃபோட்டோ எட்ச் என்றால் கட்டிங் மேட்டை விட்டுவிட்டு, மிச்சமாகிப் போன ஒரு தரை டைலைப் பலகையாக வைத்து, அடியில் டேப் ஒட்டி, வளைந்த முனைக் கத்தியை மேலிருந்து நேராக அழுத்த வேண்டும். தகடு வளைய இடமே இராது.

வேக்கம் வழியில் குழாய் முனையில் பழைய நைலான் காலுறையை மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கி, தரையில் மெதுவாக ஓட்டுவார்கள். பாகம் காலுறையில் வந்து ஒட்டும். கட்டிலுக்கு அடியிலும் ஸ்லைடிங் கதவின் தண்டவாளத்திலும் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மெல்லிய பித்தளை, இழுக்கும் வேகத்தில் வலைமேல் மோதி வளையும். வளைந்த 1.4 மில்லிமீட்டர் கம்பியை நிமிர்த்துவதைவிடப் புதிதாகச் செய்வது சுலபம். காந்தத்தை நம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பித்தளையைக் காந்தம் இழுக்காது. ஸ்டீல் தகடுகளிலும் பல ரகங்கள் காந்தத்தைச் சட்டை செய்யாது.

இப்போது மடிவிரிப்பு. நகைத் தொழிலாளர்கள் தங்கத்தூள் வீணாகாமல் இருக்க மேசைக்கு அடியில் தோல் மாட்டி வைப்பார்களே, அதே ஏற்பாடு. மேசைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு சாண் இடைவெளியை அடைப்பதுதான் இதன் முழு வேலை. நழுவுவது எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. தெறிப்பதிலும், நம் நெஞ்சை நோக்கி வருவது சட்டையில் பட்டு இதில்தான் விழும். தட்டும் பையும் எட்டாத இடம் அது.

ஒரு மீட்டர் துணி போதும். மேசைப் பக்கத்தில் ஓரத்தை விளிம்பின் முகப்பில் ஒட்டக்கூடாது. மேசைப் பலகைக்கு அடியில், விளிம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெல்க்ரோவால் மாட்ட வேண்டும். அப்போதுதான் விளிம்பிலிருந்து விழுவது துணிக்குள் விழும். வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் மேசையில், மிருதுவான பக்கம் துணியில். மாற்றி வைத்தால் கொக்கிகள் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும். பசையோடு வரும் வெல்க்ரோ நம் ஈரப்பதத்தில் கழன்றுகொண்டே இருக்கும். துணியில் தைத்துவிட்டு, மரமேசையானால் அடியில் ஸ்டேப்ளர் அடித்துவிடுவது நல்லது. இரண்டு பக்க ஓரங்களிலும் மூன்று சென்டிமீட்டர் மடித்து உள்ளே தடித்த கயிறு விட்டுத் தைத்தால், ஓரம் எழும்பி நின்று பாகம் பக்கவாட்டில் ஓடாது. தேக்கா சந்தையின் மேல்மாடியில் இருக்கும் தையல்காரர் எவரிடமும் வரைந்து காட்டினால் தைத்துத் தருவார்.

உடம்புப் பக்கம்தான் பலர் கோட்டை விடும் இடம். கழுத்தில் மாட்டும் பட்டை வைத்துத் தைக்கிறார்கள். வாசலில் மணி அடிக்கிறது, பழக்கத்தில் எழுகிறோம், கழுத்துப் பட்டை துணியை இழுக்கிறது, மேசைப் பக்கம் கழன்று உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டுகிறது. உடம்புப் பக்கம் முதலில் விட வேண்டும், மேசைப் பக்கம் விடவே கூடாது. சட்டையில் இரண்டு துணி கிளிப் போட்டால் போதும். எழுந்தால் கிளிப் கழன்று அந்த ஓரம் தொங்கும். விழுந்ததில் பெரும்பாலானது துணியின் தொய்வில் நிற்கும். தொய்வு ஒரு சாணாவது இருக்கட்டும், இறுக்கமாகக் கட்டினால் பாகம் பறைமேல் பட்டதுபோல் எகிறும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் துணியின் ரகம். மடிவிரிப்பு நிலைப்பதும் வெறுத்துப்போவதும் இதில்தான். பழைய பருத்தி வேட்டியோ பெட்ஷீட்டோ கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதை எடுக்க வேண்டாம். சூப்பர் க்ளூ பருத்தியில் சிந்தினால் வினை மிக வேகமாக நடந்து சூடு கிளம்பும், புகையும். தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் அளவுக்குச் சூடு வரும். மடியில் அப்படியொரு துணியை விரித்துக்கொண்டு ஃபோட்டோ எட்ச் ஒட்டுவது ஆபத்து. அதைத் தவிர, பருத்தி இழையின் மயிர்கள் பித்தளைக் கொக்கிகளைப் பிடித்துக்கொள்ளும். மைக்ரோஃபைபரும் ஃபிளீஸும் இன்னும் மோசம்.

வேண்டியது வழுவழுப்பான நெருங்கிய நெசவு, பாலியெஸ்டர். கடையில் லைனிங் துணி என்று மட்டும் கேட்டால் ரவிக்கைக்கு வைக்கும் பருத்தி லைனிங்கைத்தான் எடுத்துப் போடுவார்கள். கோட்டுக்கு உள்ளே வைக்கும் லைனிங் என்று கேட்க வேண்டும். அதிலும் இரண்டு ரகம் உண்டு. பாலியெஸ்டர் சரி, அசிட்டேட் ஆகாது. டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த பசையில் அசிட்டோன் இருக்கிறது. அது அசிட்டேட்டைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும். கண்டுபிடிக்க, அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கி ஒரு சொட்டைத் துணியின் மூலையில் விட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். பிசுபிசுத்தால் அசிட்டேட். பருத்தி கலந்ததா என்று பார்க்க, உருவிய நூலைக் கழுவுதொட்டிக்கு மேல் பிடித்துப் பற்றவைக்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

பாலியெஸ்டருக்கு ஒரு குறை, நிலைமின்சாரம். லேசான பிளாஸ்டிக் பாகம் துணியில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் வராது. சன்னல் திறந்த அறையில் நம் காற்றின் ஈரமே அதை அடக்கிவிடும். ஏர்கான் ஓடும் அறையில் காற்று உலர்ந்திருக்கும். உட்காரும் முன் துணியை ஈரக்கையால் ஒருமுறை தடவினால் போதும். நிறம் பளிச்சென்ற நீலமாக இருக்கட்டும். சாம்பல் பிளாஸ்டிக், பித்தளை, வெள்ளை, ராணுவப் பச்சை நான்கும் அதில் தனித்துத் தெரியும். காக்பிட் கண்ணாடி போன்ற ஒளிபுகும் பாகங்களுக்கு நீலம் எவ்வளவு உதவுகிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவற்றை வெட்டும்போது நானே பையைத்தான் எடுக்கிறேன்.

பராமரிப்பு சின்ன வேலைதான், ஆனால் தவறக்கூடாது. வேலை முடிந்ததும் நான்கு மூலைகளையும் கூட்டிப் பிடித்துத் துணியைக் கழற்றி, வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, ஓர மடிப்புகளை மென்தூரிகையால் தள்ள வேண்டும். உதறவே கூடாது. துவைக்கும் முன்னும் இதே சோதனை. வெட்டிய கேட் துண்டுகளும் அரத்தூளும் சேர்ந்து கிடந்தால் அடுத்த முறை விழும் பாகம் குப்பையோடு குப்பையாகிவிடும்.

மடிவிரிப்பையும் தாண்டித் தெறிப்பவை இருக்கும். டைல் தரையில் முதல் வேலை, ஃபேனை நிறுத்துவது. ஃபேன் காற்று பாகத்தைத் தூக்கிச் செல்லும் என்பதைவிட, அதன் இரைச்சல் 'டிக்' என்று விழும் சத்தத்தை மறைத்துவிடும் என்பதுதான் பெரிய நஷ்டம். எத்தனை முறை 'டிக்' கேட்டது, எந்தப் பக்கம் என்பது பாதித் தேடலை முடித்துவிடும். காலை நகர்த்தாமல் சட்டை மடிப்பு, கைமடிப்பு, பாதத்தின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தால் அரை மில்லிமீட்டர் பாகத்துக்குக்கூட நீண்ட நிழல் விழும். ஒரு டைல் முடித்து அடுத்த டைல் என்று போனால் எதுவும் விடுபடாது; டைல்களுக்கு இடையிலான க்ரௌட் கோடுகளில்தான் அதிகம் சிக்கும். துடைப்பத்தைத் தொட வேண்டாம், அதன் ஈர்க்குகள் பாகத்தைச் சுண்டிவிடும். ரோபோ வேக்கம் இருக்கும் வீட்டில் அதன் நேர அட்டவணையை நிறுத்தி வையுங்கள். சர்வீஸ் யார்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தால், உட்காரும் முன்பே தரை வடிகால் துளைமேல் ஈரத்துணி ஒன்றைப் போட்டுவிட வேண்டும். கார்பெட் தரைக்கு இந்த முறை எதுவும் செல்லாது என்றே நினைக்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கார்பெட் அரிது என்பதால் அதில் எனக்கு அனுபவம் இல்லை.

அரை மணி தேடியும் கிடைக்கவில்லையென்றால் செய்துவிடலாம். 0.25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்து தட்டையான பாகங்களை வெட்டலாம். உருளையானவற்றுக்கு மிச்ச ஸ்ப்ரூவைத் தீயில் படாமல் சூட்டில் காட்டி, இளகியதும் இழுத்தால் முடிபோன்ற கம்பி கிடைக்கும். ஜோடிப் பாகங்களில் ஒன்று போயிருந்தால் இரண்டையும் புதிதாகச் செய்வது நல்லது. ஒன்று மாடல் கிட்டில் வந்தது, மற்றது கையால் செய்தது என்றால் அருகருகே வைக்கும்போது தடிமன் வித்தியாசம் தெரியும். அளவெடுக்கக் கிட்டில் மிஞ்சிய மற்றொன்றை வைத்துக்கொண்டு, அதை டேப்பில் ஒட்டித் தட்டில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.