லிட்டருக்கு 24 என்று சொல்லி விற்ற கார்

வேலூர்ப் பக்கம் புதிய கார் வாங்க இருப்பவர்கள், மைலேஜ் பற்றி ஷோரூமில் வாய்வார்த்தையாகச் சொல்லப்படுவதை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். சென்ற ஆடித் தள்ளுபடியில் நான் அப்படிக் கட்டினேன்.

காட்பாடியில் குடியிருந்து பாகாயத்தில் வேலை பார்ப்பவன் நான். கிரீன் சர்க்கிள் நெரிசலில் தினமும் இருமுறை ஊர்ந்து செல்லும் எனக்கு லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முதல் நாளே கேட்டேன். "அராய் சர்டிஃபிகேட்டே 24 சார், நீங்க நிதானமா ஓட்டுறவர், குறையவே குறையாது" என்றார் விற்பனையாளர்.

புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி அமைப்பான அராய் (ARAI) சான்றளிக்கும் அந்த எண் பொய்யன்று. ஆனால் அது சாலையில் எடுக்கப்பட்டதும் அன்று. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஏற்றி, ஏசியை அணைத்து, வகுத்து வைத்த வேகங்களில், உச்சமாக மணிக்கு 90 கிலோமீட்டர் வரை, 1180 விநாடிகள் மட்டும் ஓட்டி, வெளிவரும் புகையை அளந்து கணக்கிடுவது. கத்திரி வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு பாலாற்றுப் பாலத்தில் முதல் கியரில் நிற்பவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதை விற்பவர் அறியாதவர் அல்லர்.

டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பிப் பார்த்தேன். முதல் முறை 418 கிலோமீட்டருக்கு 30.2 லிட்டர்; அடுத்த முறை 392-க்கு 28.9. இரண்டிலும் லிட்டருக்கு 14-ஐத் தொடவில்லை. (காரின் திரை மட்டும் 16 என்று காட்டிக்கொண்டிருந்தது.)

சர்வீஸ் மையத்தில் முதலில், இரண்டு சர்வீஸ் போகட்டும் என்றார்கள். போயிற்று. பிறகு எத்தனால் பெட்ரோலைக் காரணம் காட்டினார்கள். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கலந்த பெட்ரோலில் அந்தக் குறைவு ஆறேழு சதவீதத்துக்கு மேல் போகாது. 24 என்பது 22 ஆகலாம், 14 ஆகாது. அதைச் சொன்னபோது, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று 2,360 ரூபாய் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு மைலேஜ் டெஸ்டுக்கு வரச் சொன்னார்கள்.

அந்த டெஸ்டைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் பங்கில் நாசில் தானாக நின்ற பிறகும் அவர்களுடைய ஓட்டுநர் காரைப் பிடித்து ஆட்டி ஆட்டி, மூடிக் கழுத்துவரை பெட்ரோல் தளும்பும்படி நிரப்பச் செய்தார். ஏசியை அணைத்து, கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, விடியற்காலையின் காலியான நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா வரை சென்று திரும்பி 44 கிலோமீட்டர், ஐம்பது வேகம் தாண்டாமல் ஓட்டினார். திரும்பி வந்து நிரப்பும்போது நாசில் முதல்முறை நின்றதுமே போதும் என்று கையைக் காட்டிவிட்டார். 1.9 லிட்டர் பிடித்தது. ஜாப் கார்டில் "மைலேஜ் 23.2, வாடிக்கையாளர் திருப்தி" என்று எழுதி நீட்டினார்கள், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் நானும் கையெழுத்திட்டுத் தொலைத்தேன்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது எனக்கு எதிராக நிற்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தபோது, சர்வீஸ் மையத்தார் அனுப்பிய பதில் அந்த ஜாப் கார்டின் நகல் ஒன்றுதான். ஆகவே டெஸ்டுக்குப் போகிறவர்கள், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பங்கில், ஒரே பம்பில், நாசில் முதல்முறை நிற்கும் அளவோடு நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் அன்றாடம் போகும் வழியில், ஏசி போட்டு ஓட்டச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததையே ஜாப் கார்டில் உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு அவகாசம் உண்டு. பங்க் ரசீதுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுவதால், ஒவ்வொன்றையும் அன்றன்றே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வருகிறேன்.