400 மில்லிமீட்டர்: சென்னைத் தாழ்தளப் பேருந்து, ஒரு பயணியின் மதிப்பீடு

சென்னையில் 2024 ஆகஸ்டில் 58 வண்டிகளோடு தொடங்கிய தாழ்தளப் பேருந்துச் சேவையைச் சில மாதங்களாகச் சக்கர நாற்காலியோடு பயன்படுத்தி வருகிறேன். வண்டியைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. வண்டி வந்து நிற்கும் இடத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வண்டி. நிறுத்தத்துக்கு வந்ததும் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்த, காற்று வெளியேறும் சத்தத்தோடு வண்டி இடப்பக்கமாகச் சற்றே தணிகிறது. நடத்துநர் இறங்கி வந்து, நடுவாசலில் தரையோடு தரையாக மடிந்து கிடக்கும் சாய்தளப் பலகையைக் கையால் தூக்கி வெளிப்பக்கம் விரிக்கிறார். உள்ளே நாற்காலி நிற்பதற்கென்று ஓர் இடமும், அதைப் பிணைக்க வாரும் உண்டு. பலகை மின்விசையில் இயங்கவில்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். கையால் விரிப்பது பழுதாவதற்கு வாய்ப்புக் குறைவு என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. இன்னொன்றையும் கவனித்தேன்: எனக்காகப் பலகை விரியும் நேரத்தைவிட, முழங்கால் வலியுள்ள பாட்டிமார் பழைய பேருந்தின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறும் நேரம் அதிகம். இந்த வண்டியில் அவர்கள் ஒரே எட்டில் ஏறிவிடுகிறார்கள்.

இந்த வசதி முழுவதும் ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. வழக்கமான பேருந்தின் தளம் சாலையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் உயரம், இடைநிலைத் தாழ்தளம் 650, தாழ்தளம் 400. இந்த 400 யாரோ ஒருவருடைய நல்ல மனத்தில் தானாகத் தோன்றியதன்று, வாதாடிப் பெற்றது. போக்குவரத்து வசதிகள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் இருந்தும் உயர்தளப் பேருந்துகளை வாங்கும் திட்டங்கள் தொடர்ந்தபோது, செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயகுமார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சாலைகளின் நிலை, மழைநீர்த் தேக்கம், வேகத்தடைகள், வண்டியின் கூடுதல் விலை ஆகியவை அரசுத் தரப்பின் காரணங்களாக முன்வைக்கப்பட்டன. பெங்களூரிலும் டெல்லியிலும் பல ஆண்டுகளாகத் தாழ்தளப் பேருந்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த ஊர்களிலும் மழை பெய்யத்தான் செய்கிறது.

வழக்கின் ஊடாக, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கியின் நிதியுதவியோடு வாங்கும் பேருந்துகளில் 552 தாழ்தளமாக இருக்கும் என்ற நிலைக்கு அரசு வந்தது. கேட்டது எல்லா நகரப் பேருந்துகளும். கிடைத்தது ஒரு பகுதி. ஆனாலும் அந்தப் பகுதி எப்படிக் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. ஓய்வூதிய உயர்வு போன்ற கோரிக்கைகளுக்கு மாற்றுத்திறனாளி அமைப்புகள் சாலையில் அமர்வதும் கைதாவதும் நாம் அடிக்கடி காணும் காட்சி, அதற்கு அதன் பலனும் உண்டு. பேருந்து விஷயத்திலோ போராட்டக் களம் ஒப்பந்தப்புள்ளி ஆவணமாக இருந்தது. ஒருமுறை வாங்கிய பேருந்து பல ஆண்டுகள் ஓடும் என்பதால், தள உயரத்தைக் கொள்முதலுக்கு முன்பே மாற்றினால்தான் உண்டு. வண்டி வந்து சேர்ந்தபின் எத்தனை மனு கொடுத்தாலும் அதன் தளத்தை யாரும் வெட்டிக் குறைக்கப் போவதில்லை. அமைச்சரிடம் மனு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, கொள்முதல் விவரக்குறிப்பைப் படித்து, அளவுக்கு அளவு பதில் சொல்வது சலிப்பூட்டும் வேலைதான். ஆனாலும் அதன் பலன் தெரிகிறது: 2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து புறப்பட்ட 120 மின்சாரப் பேருந்துகளும் தாழ்தள வண்டிகளாகவே வந்தன.

இனி நிறுத்தம். 150 மில்லிமீட்டர் உயர நடைபாதையிலிருந்து ஏறினால், பலகை கடக்க வேண்டிய உயரம் 250 மில்லிமீட்டர்தான்; சரிவு மென்மையாக இருக்கும், கைவலிமை உள்ளவர் தாமே ஏறிவிடலாம். சாலையிலிருந்து ஏறினால் கிட்டத்தட்ட முழு உயரத்தையும் அதே நீளப் பலகையில் கடக்க வேண்டும், பின்னாலிருந்து ஒருவர் தள்ளாமல் முடியாது. நான் வழக்கமாகக் காத்திருக்கும் நிறுத்தத்தின் நடைபாதைக்கு ஏறுவதற்குச் சரிவே கிடையாது. ஆகவே சாலை ஓரத்தில், நிறுத்தியிருக்கும் இருசக்கர வண்டிகளுக்கு வெளிப்பக்கம் காத்திருக்கிறேன். பேருந்தும் ஓரம் ஒட்டி வர வழியின்றி நடுச்சாலையில் நிற்கிறது. பின்னால் ஹாரன் ஒலிக்க ஒலிக்க நடத்துநர் என்னைத் தள்ளி ஏற்றுகிறார். அவரிடம் ஒருநாள்கூட முகச்சுளிப்பைக் கண்டதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

வண்டி ஒரு துறையின் பொறுப்பு, நடைபாதை இன்னொன்றின் பொறுப்பு. பேருந்துக்காக வாதாடி வென்றது நடைபாதை அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. அங்கே முதல் மனுவிலிருந்து தொடங்க வேண்டும். புதிதாக முயல்பவர்கள் நெரிசல் குறைந்த 11 மணிக்கு மேல் ஏறிப் பார்க்கலாம், முதல் சில நாள்களுக்கு உடன் ஒருவர் வருவது நல்லது. சென்ற வாரம் நான் தையல்காரரின் நாடாவோடு போய் அந்த நடைபாதையை அளந்தேன்: 270 மில்லிமீட்டர். அதற்கு ஏறச் சரிவு கேட்டுப் படத்தோடு விண்ணப்பித்து, ஒப்புகை எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.