கச்சான் காலமும் மூன்று மின்கார்களும்: நான்கு ஆண்டுப் பற்றரி அனுபவம்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து நாங்கள் வாடகைக்கு ஓட்டும் மூன்று மின்கார்களும் ஜப்பானில் பாவிக்கப்பட்டு, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்னரே நாட்டுக்குள் வந்தவை. 2021 இல் வாங்கியபோது, 24 கிலோவாற்று மணிக் கொள்ளளவுடைய அவற்றின் பற்றரிகள், எஞ்சியிருக்கும் கொள்ளளவைக் குறிக்கும் பன்னிரண்டு கோடுகளில் பத்தைக் காட்டின. கல்முனைக்குப் போய்வர 70 கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டியிருப்பதால், ஒரு கோட்டின் இழப்பும் எங்களுக்கு வருமான இழப்பே.

2022 இல் எரிபொருளும் இல்லை, மின்சாரமும் மணிக்கணக்கில் இல்லை. கரண்ட் வந்த நேரமெல்லாம் மூன்று கார்களையும் நூறு வீதம் வரை சார்ஜ் ஏற்றி நிறுத்தினோம். அந்த ஆண்டின் இறுதியில் முதலில் ஒன்பது கோட்டுக்கு இறங்கியது, அதிகம் ஓடிய கார் அல்ல. மேலதிகத் தேவைக்கென்று தகரக் கொட்டகைக்குள் நிறைசார்ஜுடன் நாட்கணக்கில் நின்ற கார்.

லித்தியம் அயன் பற்றரி ஓடாமல் நின்றாலும் முதுமையடையும் என்பதும், சூடும் நிறைசார்ஜும் சேரும்போது உள்ளே நடக்கும் பக்கத்தாக்கங்கள் விரைவடைந்து, பயன்தர வேண்டிய லித்தியத்தை மின்வாய்ப் பரப்பிலேயே பிணைத்துவிடும் என்பதும் அதன் பின்னரே எங்களுக்கு விளங்கியது. இந்தக் கார்களின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. ஓடி வந்த சூடு தானாகவே வெளியேற வேண்டும். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் வரை அது தணிவதில்லை.

ஆகவே, வந்தவுடன் சார்ஜரைச் செருகும் பழக்கத்தை நிறுத்தினோம். நள்ளிரவுக்குப் பின் தொடங்கி, விடியப் புறப்படும் நேரத்தை ஒட்டி முடியும்படி நேரம் வைக்கிறோம். கல்முனை ஓட்டம் இல்லாத நாட்களில் 80 வீதத்துடன் நிறுத்துகிறோம். தகரத்தின் கீழ் கிடுகு வேய்ந்தோம். எந்தக் காரும் இரண்டு நாளுக்கு மேல் சும்மா நிற்காதபடி முறை மாற்றி ஓட்டுகிறோம். மாதம் ஒருமுறை நிறைய ஏற்றி, பற்றரிக்குள் உள்ள கலங்களுக்கிடையிலான மின்னழுத்த வேறுபாட்டைக் கைபேசிச் செயலியில் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறோம்; முழுப் பற்றரியும் எவ்வளவு தரும் என்பதை அதிலுள்ள மிக நலிந்த கலமே தீர்மானிக்கிறது.

கடினமாக இருந்தது சாரதிகளின் மனத்தை மாற்றுவதுதான். “நிறைஞ்சு நிண்டாத்தானே அண்ணன் தைரியம்” என்றார் ஒருவர். எரிபொருள் வரிசையில் நின்று வாடியவரிடம் அந்த அச்சம் இருப்பது நியாயமே. கொப்பியிலுள்ள எண்களைக் காட்டிய பின்னரே அவர் இணங்கினார்.

லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியுள்ள வண்டி வைத்திருப்போர் எங்கள் 80 வீதக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவ்வகையின் மின்னழுத்தம் பெரும்பகுதி மாறாமல் நிற்பதால், இடைக்கிடையே நிறைய ஏற்றினால்தான் மீதியளவு சரியாகத் தெரியும்.

இப்போது இரண்டு கார்கள் ஒன்பது கோட்டில் நிற்கின்றன. கொட்டகைக்குள் நின்று கெட்ட கார் எட்டில் இருக்கிறது. அதைக் கல்முனைக்கு அனுப்புவதில்லை, புகையிரத நிலையத்துக்கும் காத்தான்குடிக்கும் மட்டுமே ஓட்டுகிறோம்.